விதைத்ததும் அறுப்பதும்: ஜெபக்கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாக நடக்கும் ஜெபக்கூட்டத்தில் வேதபாடம் எடுக்கத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எந்தப் பகுதியை எடுத்தாலும், கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். செய்த தப்பு நம்மைத் தொடருமா, மன்னிப்புக் கிடைத்த பிறகும் தொடருமா, வந்திருக்கிற கஷ்டம் அதனால்தானா என்று. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

"வினை விதைத்தவன் வினை அறுப்பான்னு எங்க பாட்டி சொல்வாங்க. பைபிளும் அதைத்தானே சொல்லுது?"

பெருமளவுக்கு ஆமாம். "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்று அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார் (கலாத்தியர் 6:7). வயல் தெரிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அம்பை 16 நெல்லை விதைத்துவிட்டு, 110 நாள் கழித்துப் போய் உளுந்து பறிக்க முடியாது. பொய் பேசிப் பேசி வளர்ந்தவனை ஒரு நாள் அவன் உண்மை சொல்லும்போதும் யாரும் நம்புவதில்லை. இதற்கு வானத்திலிருந்து தனியாக ஒரு தண்டனை இறங்க வேண்டியதில்லை. விதைக்குள்ளேயே விளைச்சல் இருக்கிறது.

ஆனால் பவுல் அடுத்த வசனத்தில் இன்னும் ஒன்றைச் சொல்கிறார். மாம்சத்துக்கென்று விதைக்கிறவன் அழிவை அறுப்பான், ஆவிக்கென்று விதைக்கிறவன் நித்தியஜீவனை அறுப்பான் என்கிறார். ஒரு செயலுக்கு ஒரு பலன் என்கிற கணக்கோடு அவர் நிற்கவில்லை. நாம் எந்த மாதிரி மனுஷனாக ஆகிக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பற்றிப் பேசுகிறார். பாட்டி சொன்னதையும் பவுல் சொன்னதையும் சேர்த்து வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

"அப்போ இது கர்மாதானே? பேர் மட்டும்தானே வேற?"

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். செயலுக்குப் பலன் உண்டு என்பதில் ஒற்றுமை இருக்கிறது. இரண்டு இடத்தில் பாதை பிரிகிறது. முதலாவது, முற்பிறவி என்பது கிறிஸ்தவ நம்பிக்கையில் இல்லை. பிறந்த குழந்தையின் குறையைப் பார்த்து "போன ஜென்மத்துல என்ன செஞ்சதோ" என்று சொல்ல இங்கே இடமே கிடையாது.

இரண்டாவதுதான் பெரியது. பலனைக் கொடுக்கிறவர் ஒரு ஆள். அவரோடு பேச முடியும். நினிவேயை 40 நாளில் கவிழ்க்கப்போவதாக யோனா தீர்க்கதரிசி வழியாகச் சொன்னவர், அந்த ஊர் மனந்திரும்பினதைப் பார்த்து அதைச் செய்யாமல் விட்டார். மன்றாடினால் கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்பதுதான் கிறிஸ்தவனுடைய தைரியம். சிலுவை என்பதே, நாம் விதைத்ததை வேறொருவர் அறுத்த இடம்.

"இயேசு மன்னிச்சுட்டாருன்னு சாட்சி சொல்றோம். அப்புறம் ஏன் பழைய தப்போட விளைவு விடாம தொரத்துது?"

இந்தப் பக்கத்தையே எழுத வைத்த கேள்வி இது. இதற்குத் தாவீது ராஜாவின் வீட்டுக்குள் போக வேண்டும். பத்சேபாளை எடுத்துக்கொண்டான், அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொன்னதும், "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றான். அதே வசனத்தில் பதில் வருகிறது: நீ சாகாதபடிக்குக் கர்த்தர் உன் பாவம் நீங்கச் செய்தார் (2 சாமுவேல் 12:13). நடுவில் ஒரு நாள்கூட இல்லை. மன்னிப்பு அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு முழுசு. ஆனால் மூன்று வசனத்துக்கு முன்னால் சொன்ன "பட்டயம் என்றைக்கும் உன் வீட்டைவிட்டு விலகாது" என்பதை நாத்தான் திரும்பப் பெறவில்லை.

அந்தப் பட்டயம் எப்படி வந்தது என்று நிதானமாகப் பாருங்கள். உரியாவைச் சாகடிக்கச் சொல்லித் தாவீது எழுதிய கடிதத்தை யோவாபுக்குக் கொண்டுபோனது உரியாவேதான். அதைப் படித்த நாளிலிருந்து ராஜாவின் ரகசியம் சேனாதிபதியின் கையில் இருக்கிறது. பின்னாளில் தனக்கு எதிராகக் கலகம் செய்த மகன் அப்சலோமைத் தொடக்கூடாது என்று எல்லார் முன்னாலும் தாவீது கட்டளையிட்டும், கர்வாலி மரத்தில் தொங்கினவனைக் குத்தியது அதே யோவாப். மூத்த மகன் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுத்தபோது தாவீது மிகவும் கோபப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. அவன் ஏதாவது செய்தான் என்று எழுதியிருக்கவில்லை. என்ன சொல்லிக் கண்டிப்பான்? மகன் செய்தது அப்பன் செய்ததைத்தானே. அப்பா பேசாமல் இருந்ததால் தாமாரின் கூடப்பிறந்த அப்சலோம் இரண்டு வருஷம் காத்திருந்து அண்ணன் அம்னோனைக் கொன்றான். அப்சலோமின் கலகத்துக்கு மூளையாக இருந்த அகித்தோப்பேலுக்கு எலியாம் என்று ஒரு மகன் உண்டு. பத்சேபாளின் தகப்பன் பெயரும் எலியாம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வாசிக்கிறவர்கள் பலர். அப்படியானால் அகித்தோப்பேல் பேத்தியின் அவமானத்தைச் சுமந்துகொண்டிருந்த தாத்தா.

தேவனுக்கும் தாவீதுக்கும் நடுவில் இருந்த குற்றம் நீங்கிவிட்டது. யோவாபின் மனதிலும், அம்னோனின் கண்ணிலும் விழுந்த விதை நீங்கவில்லை. பரலோக அப்பா மன்னித்துவிட்டார் என்பதற்காக, தப்பாக விதைத்த வயலில் அந்தப் போகம் பயிர் மாறிவிடாது. ஆனால் அந்த வயலில் நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை. அப்பாவும் கூட இறங்கி அறுக்க வருகிறார்.

"தாவீது செஞ்ச தப்புக்கு அந்தப் பச்சப்புள்ள ஏன் சாகணும்? அது நியாயமா?"

தாவீதுக்கும் பத்சேபாளுக்கும் பிறந்து இறந்த பிள்ளையைப் பற்றி, தன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இதைக் கேட்டார். அன்று வசனம் பேசாமல் அவரோடு உட்கார்ந்திருந்தேன். பைபிள் இங்கே நம்மைச் சமாதானப்படுத்த முயலவில்லை. கர்த்தருடைய சத்துருக்கள் தூஷிக்கத் தாவீது காரணமாக இருந்ததால் பிள்ளை சாகும் என்று நாத்தான் சொல்கிறார். அது பிள்ளைக்கு வந்த தண்டனை என்று சொல்லவில்லை. தாவீது ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசித்து மன்றாடினான். பிள்ளை செத்தபின் எழுந்து, "நான் அதினிடத்துக்குப் போவேன்" என்றான். பிள்ளை தேவனுடைய கையில் இருக்கிறது என்று அவன் நம்பினதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்த மரணத்துக்குக் காரணம் இதுதான் என்று சொல்ல அந்த வீட்டுக்குத் தேவன் ஒரு தீர்க்கதரிசியை அனுப்பினார். உங்கள் தெருவில் ஒரு குழந்தை இறந்தால் காரணம் சொல்ல உங்களை அனுப்பவில்லை. சோறு எடுத்துக்கொண்டு போங்கள். அது போதும்.

"எனக்குக் கேன்சர். நான் என்ன பாவம் செஞ்சேன்னு தெரியலையே, ஏன் எனக்கு?"

வெவ்வேறு நோயின் பெயரில், குழந்தையில்லாத வருத்தத்தில், மகன் விபத்தில் போன வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்களில் பலருக்கு இதை முதலில் சொன்னது யாரோ ஒரு விசுவாசிதான் என்பது எனக்கு மிகவும் வலிக்கிறது. பார்க்க வந்த இடத்தில், "ஏதாவது மறைச்ச பாவம் இருந்தா அறிக்கை பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். கீமோ போட்டு முடி கொட்டின ஒரு அக்கா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பத்து வயதில் அம்மா பர்ஸிலிருந்து எடுத்த காசு வரைக்கும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை எனக்குக் காட்டி, "இதுல எதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்றார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றார் (யோவான் 9:3). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் எருசலேமில் எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்றார் (லூக்கா 13). யோபு துன்பப்பட்டது அவன் பாவத்தினால்தான் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசினார்கள் அவனுடைய மூன்று நண்பர்கள். கடைசியில் தேவன் கோபப்பட்டது அந்த நண்பர்கள்மேல்தான்.

முதல் கேள்வியில் சொன்ன வசனத்தை முன்னோக்கித்தான் வாசிக்க வேண்டும். இன்றைக்கு நான் எதை விதைக்கிறேன் என்று என்னையே கேட்கிற வசனம் அது. அதைப் பின்னோக்கித் திருப்பி, ஒருவருடைய கஷ்டத்தைப் பார்த்து அவர் எதை விதைத்தார் என்று கண்டுபிடிக்கப் போனால், யோபின் நண்பன் எலிப்பாஸ் செய்த தப்பைத்தான் நாமும் செய்கிறோம். வயலில் நிற்கிறதெல்லாம் சொந்தக்காரன் விதைத்ததா என்ன? குதிரைவாலியும் கோரையும் யார் விதைத்து வந்தது? இயேசு சொன்ன களைகளின் உவமையிலும், நல்ல விதை விதைத்த வயலில் களை முளைத்ததற்குக் காரணம் சத்துரு. அந்த அக்காவின் நோட்டை அவர் கையாலேயே கிழித்துப் போடச் சொன்னேன்.

"முன்னோர் செஞ்ச பாவத்தால பரம்பரை சாபம் இருக்காம். முறிக்க ஜெபம் பண்ணணும்னு சொல்றாங்களே?"

பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிப்பேன் என்கிற யாத்திராகமம் 20:5ஐக் காட்டித்தான் இதைச் சொல்கிறார்கள். அந்த வசனத்திலேயே "என்னைப் பகைக்கிறவர்களை" என்று இருக்கிறது. அடுத்த வசனத்தில், அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறை மட்டும் இரக்கம் என்று இருக்கிறது. நான்குக்கு எதிரில் ஆயிரம்! பாதியில் நிறுத்திப் படிப்பதால் எத்தனை குடும்பங்கள் பயத்தில் வாழ்கின்றன.

எசேக்கியேல் தீர்க்கதரிசி காலத்தில் சிறையிருப்புக்குப் போன ஜனங்களும் இதையேதான் சொன்னார்கள். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசிப்போயிற்று என்று ஒரு பழமொழியே வைத்திருந்தார்கள். அந்தப் பழமொழி இனி வேண்டாம், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று 18ஆம் அதிகாரம் முழுவதும் தேவன் மறுக்கிறார். குற்றம் இறங்குவதில்லை. பழக்கமும் கடனும் பயமும் இறங்கும். தாத்தா குடித்தார், அப்பா குடித்தார் என்கிற வீட்டில் பையனுக்கு அது சுலபமாக வரும். அதற்குத் தேவை அவனோடு கூட நடக்கிற ஆட்கள், தேவைப்பட்டால் வைத்தியம், விடாத ஜெபம். முறிப்பதற்குக் கட்டணம் கேட்கிறவர்களிடம் போக வேண்டாம்.

"லஞ்சம் வாங்குறவன் மூணு மாடி கட்டிட்டான். ஒண்ணும் ஆகலையே?"

73ஆம் சங்கீதத்தை எழுதிய ஆசாப்புக்கு இதே ஆத்திரம். துன்மார்க்கரின் வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாகவும், தன் இருதயத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டது வீண் என்று நினைத்ததாகவும் மறைக்காமல் எழுதுகிறார். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய் அவர்களுடைய முடிவைக் கவனித்தபோதுதான் தெளிவு வந்தது என்கிறார். நாம் நடுப்பக்கத்தைப் படித்துவிட்டுக் கதை முடிந்தது என்று நினைக்கிறோம்.

தண்டனை சீக்கிரமாய் நடக்காததால்தான் மனுஷர் துணிந்து பொல்லாப்புச் செய்கிறார்கள் என்று பிரசங்கி 8:11 சொல்கிறது. தாமதம் மனந்திரும்பக் கொடுத்த அவகாசம். இன்னொன்றும் உண்டு: விளைவு என்றால் நோயும் நஷ்டமும் மட்டும்தானா? முதல் லஞ்சம் வாங்கினபோது நடுங்கின கை இப்போது நடுங்குவதில்லை என்றால், அதைவிடப் பெரிய நஷ்டம் எது?

"ஆயிரம் ரூபா விதைச்சா நூறு மடங்கு அறுப்பேன்னு டிவியில சொல்றாங்க. விதைக்கிறதும் அறுக்கிறதும்னா அதுதானே?"

இல்லை. கலாத்தியரில் அந்த வசனத்துக்கு முந்தின வசனம், உபதேசிக்கிறவருக்கு நன்மைகளில் பங்கு கொடுக்கச் சொல்கிறது. ஊழியரைத் தாங்குவது சபையின் கடமைதான், மறுக்கவில்லை. "பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்பது (2 கொரிந்தியர் 9:6) எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காகப் பவுல் திரட்டிய காணிக்கையைப் பற்றியது. அங்கே அவர் சொல்கிற விளைச்சல், இன்னும் தாராளமாகக் கொடுக்க முடிவதும், நீதியும், தேவனுக்கு ஸ்தோத்திரமும். வட்டிக்கு விடுவது போல நினைத்துக்கொண்டு போடும் காணிக்கையில் விதைக்கப்படுவது பேராசை. முதல் கேள்விப்படி பார்த்தால் அறுக்கப்போவதும் அதுதான்.

"தெரியாம செஞ்ச தப்புக்கும் விளைவு உண்டா?"

உண்டு. தெரியாமல் தொட்டாலும் கரண்ட் அடிக்கும். ஆனால் கணக்குக் கேட்பது ஒரே மாதிரி இருக்காது. எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடி, அறியாதவனுக்குச் சில அடி என்று இயேசு வித்தியாசம் காட்டினார் (லூக்கா 12).

"ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. மனுஷன்கிட்டயும் போய்க் கேட்கணுமா? எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கணுமா?"

கொடுக்க முடிகிறதை நிச்சயமாகக் கொடுங்கள். மோசே கொடுத்த சட்டத்தில், அநியாயமாக எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாக வாங்கினதைத் தானாகவே நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அதைக் கேட்டபிறகுதான் இயேசு, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார். கொடுத்து இரட்சிப்பை வாங்கவில்லை. வந்த இரட்சிப்பு அவன் கல்லாப்பெட்டியைத் திறந்தது.

எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு பெரியவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சகேயுவைப் பற்றிப் பேசின ராத்திரி வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போய், தராசுத் தட்டைத் திருப்பிப் போட்டு, அடியில் ஒட்டியிருந்த புளியைக் கத்தியால் சுரண்டினார். வருஷக்கணக்கில் காய்ந்து கல்லாகிப் போன புளி. கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். யாருக்கு எவ்வளவு குறைத்தோம் என்று எப்படிக் கணக்குப் போடுவது? பற்று நோட்டை எடுத்து, ஏழைக் குடும்பங்களின் பாக்கியை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, காரணத்தையும் அவர்களிடமே சொன்னார். சிலர் அழுதார்கள். சிலர் அன்றோடு அந்தக் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். மனந்திரும்பினதற்குப் பிறகுதான் வியாபாரம் குறைந்தது. தாவீதைப் பற்றி மேலே சொன்னது இதுதான். அவரிடம் கேட்டேன், வருத்தம் இல்லையா என்று. "ராத்திரி தூக்கம் வருது தம்பி" என்றார்.

"அண்ணன்மார் வித்ததாலதான் யோசேப்பு அதிபதி ஆனான். அப்போ தப்பு செஞ்சாலும் நல்லதுதானே நடக்குது?"

நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று யோசேப்பு சொன்னான் (ஆதியாகமம் 50:20). "தீமை" என்கிற வார்த்தையை அவன் எடுத்துவிடவில்லை. விற்றவர்களுக்கு என்ன ஆயிற்று? இருபது வருஷத்துக்கு மேல் கழித்து எகிப்தில் ஒரு இக்கட்டு வந்தவுடன் அவர்கள் வாயில் முதலில் வந்தது, தம்பி கெஞ்சினபோது நாம் கேட்கவில்லையே என்பதுதான். அத்தனை வருஷமும் அந்தக் கெஞ்சல் அவர்கள் காதிலேயே இருந்திருக்கிறது.

"கடைசி நேரத்துல மனந்திரும்பின கள்ளனுக்கே பரலோகம். அப்போ கடைசியில பார்த்துக்கலாமே?"

அந்தக் கள்ளன் பேசினதைக் கேளுங்கள். "நாம் நடப்பித்தவைகளுக்குத்தக்க பலனை அடைகிறோம்" என்று தன் விளைவை ஒத்துக்கொண்டவன் அவன். இன்றைக்கு என்னுடனேகூடப் பரதீசியிலிருப்பாய் என்று இயேசுவின் வாயால் கேட்டவன். அதைக் கேட்ட பிறகும் போர்ச்சேவகர் வந்து அவன் காலை முறித்தார்கள் (யோவான் 19:32). மன்னிப்பும் விளைவும் ஒரே உடம்பில், ஒரே சாயங்காலத்தில். அவனுக்கு இருந்தது சில மணி நேரம். உங்களுக்கு எவ்வளவு என்று யார் சொல்ல முடியும்? கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும், தள்ளிப்போடுகிற மனதையே நாம் விதைத்து வளர்க்கிறோம்.

"நான் குடிச்சதால என் பொண்ணு படிப்பு நின்னு போச்சு. இப்ப நாலு வருஷமா தொடல. ஆனா அவ என் முகத்தைப் பார்க்க மாட்டேங்குறா. நான் என்ன செய்ய?"

அண்ணே, நீங்கள் மன்னிக்கப்பட்டவர். இது அதற்கு எதிரான சாட்சி இல்லை. மகளுடைய மௌனம் உங்கள் பழைய வயலின் விளைச்சல். அதைத் தேவகோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவளுடைய பிடிவாதம் என்றும் சொல்லாதீர்கள். "கர்த்தரே மன்னிச்சிட்டாரு, நீ மன்னிக்க மாட்டியா" என்று மட்டும் ஒருநாளும் கேட்டுவிடாதீர்கள். அது அவள்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது.

தாவீது அம்னோனிடம் பேசவில்லை, தாமாரிடமும் பேசினதாக இல்லை. நீங்கள் பேசுங்கள். "உன் படிப்பு நின்னதுக்கு நான்தான் காரணம்" என்று ஒரு தடவை சொல்லுங்கள், பின்னால் "ஆனா" சேர்க்காமல். தொலைநிலைக் கல்வியில் சேர விண்ணப்பம் வாங்கி, பணத்தோடு அவள் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். நன்மை செய்கிறதில் சோர்ந்துபோகாதிருந்தால் ஏற்ற காலத்தில் அறுப்போம் என்கிற வசனமும் அதே கலாத்தியர் 6இல்தான் இருக்கிறது. ஏற்ற காலம் எது என்று நாம் தேதி குறிக்க முடியாது. அவள் பாளையங்கோட்டையில் வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வருகிறாள் என்றீர்கள். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போங்கள். பேசாமல் நடந்து வந்தால் வரட்டும். நாளைக்கும் போங்கள்.